கம்பியை விட்டால் நின்றுவிடும்

எனக்குத் தெரிந்தது தையல் மெஷின். ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடமாக நூற்று எண்பது மெஷின்களுக்கு நான்தான் மெக்கானிக். பொம்பளை மெக்கானிக்கா என்று ஆரம்பத்தில் சிரித்தவர்கள் எல்லாம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள், நான் இன்னும் இருக்கிறேன். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை கொஞ்சம் கூடுதலாகவே இருந்ததால்தான், என் அண்ணிக்குப் புல்வெட்டும் மெஷின் வாங்கிக் கொடுக்கும் வேலையை யாரும் கேட்காமலே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அண்ணன் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அண்ணி தனியாக இருக்கிறாள். வீட்டுக்கு முன்னால் ஒரு புல்தரை, தெருவரைக்கும் சரிவாக இறங்கும். படுக்கையில் விழும்வரை அண்ணன்தான் அதை வெட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் மாதம் இரண்டு முறை ஓர் ஆள் வந்து வெட்டினார், அவரும் வேறு ஊருக்குப் போய்விட்டார். புல் முழங்காலைத் தொட்டதும், அதை வெட்டச் சொல்லி நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. கடிதம் வந்ததை யாரோ அவள் மகன் காதில் போட்டுவிட்டார்கள்.

அவள் மகன், அதாவது என் மருமகன், பல் டாக்டர். ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறான். நல்ல பிள்ளை. ஆனால் ஆடுகிற பல்லைப் பார்த்தால் பிடுங்கிவிடலாம் என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றும். அம்மாவின் வீட்டையும் அப்படித்தான் பார்த்தான்.

"வீட்ட வித்துட்டு எங்களோட வந்துடும்மா. புல்லு வெட்டக்கூட ஆள் இல்லாத வீட்டுல தனியா இருந்து என்ன பண்ணப் போற?"

"புல்லை நானே வெட்டிக்குவேன்."

"வேற ஆள் ஏற்பாடு பண்றேனே."

"இன்னைக்குப் புல்லுக்கு ஆள் வைப்ப. நாளைக்கு எனக்கு ஆள் வைப்ப. வேண்டாம்."

பேச்சுக்குப் பேச்சு வளர்ந்து கடைசியில் ஒரு கணக்குக்கு வந்தார்கள். மூன்று மாதம் கழித்து அவன் வருவான். புல் ஒழுங்காக இருந்தால் வீட்டை விற்கிற பேச்சு கிடையாது. இல்லையென்றால் அண்ணி பெட்டியைக் கட்ட வேண்டும். ஃபோனை வைத்துவிட்டு அண்ணி என்னிடம் சொன்னாள்: "இந்த வீட்டுல எந்த ஸ்விட்சு எங்க இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். அங்க போனா ஃபிரிட்ஜத் திறக்கக்கூட யாரையாவது பாத்துட்டுத்தான் திறக்கணும்."

அந்தச் சனிக்கிழமையே கடைக்குப் போனோம். டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார்.

"இது செல்ஃப் ப்ரொப்பல்டு, மேடம். நீங்க தள்ளவே வேண்டாம். தானாவே போகும்."

"தானாவே போகும்னா நான் எதுக்கு?" என்றாள் அண்ணி.

"நீங்க சும்மா பின்னாடி நடந்து வந்தாப் போதும்."

"இவ அண்ணன் பின்னாடி முப்பத்தெட்டு வருஷம் அப்படித்தான் நடந்தேன். பழக்கம் இருக்கு."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, எனக்கு வேலை இருந்தது. வருவதற்கு முன்பே சரிவை அளந்திருந்தேன். கேட்டின் அகலம், புல்லின் அடர்த்தி, தரையில் துருத்தி நிற்கும் வேர்கள், எல்லாம் என் நோட்டில் இருந்தன. கைப்பிடி சரியாக வர வேண்டுமே என்று அண்ணியின் இடுப்பு உயரத்தைக்கூட அளந்திருந்தேன்.

"முன்சக்கரம் ஓட்டுற மெஷினா, பின்சக்கரம் ஓட்டுறதா?" என்று கேட்டேன்.

"முன்சக்கரம், மேடம். திருப்புறதுக்கு ஈசி."

"சமதரையில ஈசி. எங்க வீடு சரிவு. மேட்டுல ஏறும்போது பாரமெல்லாம் பின்னாடி வந்துடும், முன்சக்கரம் வழுக்கிக்கிட்டு நிக்கும். பின்சக்கரம் ஓட்டுறதக் காட்டுங்க."

காட்டினார். அதைச் சாய்க்கச் சொல்லி அடியில் பார்த்தேன். சக்கரத்துக்குப் பேரிங் இருக்கிறதா, வெறும் பிளாஸ்டிக்கா என்று சுழற்றிப் பார்த்தேன். நடையின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி இருக்கிறதா என்று கேட்டேன். பெல்ட், கேபிள், பிளேடு மூன்றும் இந்தக் கடையிலேயே கிடைக்குமா, எழுதி வரவழைக்க வேண்டுமா என்று கேட்டேன். உதிரி பாகம் கிடைக்காத மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அனாதைதான். அவர் இரண்டு முறை உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார். பேட்டரியில் ஓடுவது ஒன்று இருக்கிறது, பார்க்கிறீர்களா என்றார். "பொம்மையெல்லாம் வேண்டாம்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டேன். அப்போது அண்ணி அந்தப் பேட்டரி மெஷினின் பக்கத்தில்தான் நின்று அதன் கைப்பிடியை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தாள். நான் கண்டுகொள்ளவில்லை.

சிவப்பு நிறப் பெட்ரோல் மெஷினை வாங்கினோம். கைப்பிடியின் குறுக்கே இரண்டு கம்பிகள். ஒன்றைக் கைப்பிடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்தால்தான் எஞ்சின் ஓடும், பிளேடு சுழலும். இன்னொன்றைப் பிடித்தால் சக்கரம் நடக்கும். பிடியை விட்டால் எல்லாம் நின்றுவிடும். மறுபடி ஓட்ட வேண்டுமானால் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் செய்து காட்டினேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு நான் போய் மெஷினைப் பார்ப்பது என்று ஏற்பாடு. முதலில் ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றுவேன், அதைக் கழற்றாமல் பிளேடு பக்கம் கை போகக் கூடாது. பிளேடை மூடியிருக்கும் இரும்புக் கூட்டின் உள்ளே ஒட்டிக் காய்ந்திருக்கும் புல்லை மரக்கட்டையால் சுரண்டுவேன். ஈரப் புல்லை அப்படியே விட்டால் இரும்பு அரித்துவிடும். பிளேடைத் தீட்டிய பிறகு அதன் நடு ஓட்டையை ஓர் ஆணியில் மாட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பேன். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் அரத்தில் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் மெஷின் உதறும். அண்ணிக்கும் பாடம் நடக்கும்.

"சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேல் பக்கம் இருக்கணும் அண்ணி. இல்லேன்னா ஆயில் அதுக்குள்ள இறங்கிடும்."

"சரிங்க மெக்கானிக்கம்மா."

"பின்னாடி இழுக்கணும்னா கம்பிய விட்டுட்டு இழுங்க. பிடிச்சுக்கிட்டே இழுத்தா சக்கரத்துக்குள்ள பல்லு தேஞ்சிடும்."

"பல்லுன்னா என் பையனத்தான் கூப்பிடணும்."

புல் அழகாக இருந்தது. கோடு பிசகாமல் வரிசை வரிசையாக வெட்டியிருந்தாள். எதிர்வீட்டுக்காரர் நின்று பார்த்துவிட்டுப் போனாராம். நான்தான் அதை வெட்டினேன் என்பது போல நான் தொழிற்சாலையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆறாவது வாரம் மெஷினில் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. சக்கரத்துக்குப் போகும் கேபிள் தளர்ந்திருந்தது. புது மெஷினில் இத்தனை சீக்கிரம் தளரக் கூடாது. கைப்பிடியைச் சுற்றியிருந்த பஞ்சு உறை இரண்டு இடத்தில் நசுங்கிப் பள்ளமாகியிருந்தது. கூட்டின் முன்பக்கம் ஒரு நெளிசல்.

"சுவத்துல லேசா இடிச்சிட்டேன்" என்றாள் அண்ணி.

நூற்று எண்பது மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவள் அப்போதே யோசித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? கேபிளை முறுக்கினேன். கடைக்கு ஃபோன் போட்டு, தரமில்லாத கேபிளைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று அந்த டை மனிதரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். பாவம், அவர் மன்னிப்புக் கேட்டார்.

பத்தாவது வாரம், வியாழக்கிழமை. தொழிற்சாலையில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து எல்லோரையும் பத்து மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான்காவது மாடியில் இருக்கும் என் வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவதற்குப் பதில் அண்ணியைப் பார்க்கலாம் என்று பஸ் ஏறினேன்.

கேட்டில் கை வைத்தபோதே மெஷின் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். மெஷின் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அண்ணி பின்னால் நடந்து வந்தாள். அவள் கை கைப்பிடியில் இல்லை. இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு, குளிரில் நடப்பவள் போல வந்தாள். இரண்டு கம்பிகளையும் கைப்பிடியோடு சேர்த்து எதையோ வைத்துக் கட்டியிருந்தது. வரிசை முடியப்போகிறது என்றதும் கட்டை அவிழ்க்க வேகமாக எட்டு வைத்தாள். வெட்டிய புல்லின் ஈரத்தில் கால் வழுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மெஷின் நிற்கவில்லை. ஒரு வேரில் ஏறி, மூக்கைத் திருப்பி, சரிவில் என்னை நோக்கி இறங்கி வந்தது. நான் நிதானமாக என்னமோ செய்தேன் என்று சொல்ல ஆசைதான். நடந்தது என்னவென்றால், பையை வீசிவிட்டு அலறிக்கொண்டு பக்கவாட்டில் தாவி, கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இழுபட்டுப் போய், மறு கையால் அந்தக் கட்டைப் பிடுங்கினேன். மெஷின் நின்றது. என் கையில் இருந்தது இரண்டு விரல் அகல எலாஸ்டிக் பட்டை. எங்கள் தொழிற்சாலையில் மிச்சமாகி, எதற்காவது ஆகும் என்று நானே அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தது.

அவளைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்ச் சமையலறை மேஜை முன்னால் உட்காரவைத்தேன். அடி ஒன்றும் இல்லை. பயந்ததெல்லாம் எனக்குக் கோபமாக வந்தது.

"பிளேடு சுத்துற மெஷின் அண்ணி அது. பிடிய விட்டா நிக்கணும்னுதானே அப்படிச் செஞ்சு வச்சிருக்கான். அதப் போய்க் கட்டி வச்சிருக்கீங்களே, புத்தி எங்க போச்சு?"

அவள் கைகளை மேஜைமேல் வைத்தாள். விரல் கணுக்கள் தடித்திருந்தன. கட்டைவிரல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நான் வரும்போதெல்லாம் அந்தக் கையால்தான் எனக்குத் தேநீர் தந்திருக்கிறாள்.

"கொஞ்ச நேரம்தான் பிடிக்க முடியுது. அப்புறம் விரல் தானா விட்டுடுது. விட்டா மெஷின் நின்னுடுது. நின்னா திரும்பக் கயித்த இழுக்கணும். கயித்த முழங்கையில மாட்டித்தான் இழுக்கிறேன். ஒரு வரிசைக்கு மூணு வாட்டி இழுத்துப் பாத்தேன், முடியல."

நான் உட்கார்ந்துவிட்டேன். சரிவை அளந்தவள், கேட்டை அளந்தவள், அவள் இடுப்பை அளந்தவள், கையைப் பார்க்கவில்லை. எங்கள் தொழிலில் மெஷினை ஓட்டுவது கால். கைக்குத் துணியைப் பிடிப்பதோடு சரி. ஒரு மெஷினைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது என் தலையில் ஏறவே இல்லை. ஓட்டுகிறவளை விட்டுவிட்டு மெஷினை மட்டும் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

"ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீயும் அவன் பக்கம் போயிடுவ."

எனக்குச் சுருக்கென்றது. அபாண்டம் என்று கத்தியிருப்பேன். ஆனால் புல்லில் கிடந்தவளைத் தூக்கும்போதே, போதும், இந்த வீட்டை விற்றுத் தொலைக்கலாம் என்று என் மனசும் சொல்லியிருந்தது. ஒரு நிமிஷத்தில் நான் கட்சி மாறியிருந்தேன். அதனால் வாயை மூடிக்கொண்டு தேநீர் போட்டேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மறுபடி கடைக்குப் போனோம். முதல் வேலையாக டை மனிதரிடம் கேபிள் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, "நீங்க பிடிச்சுப் பாருங்க அண்ணி. நான் எண்ணுறேன்" என்றேன். ஒவ்வொரு மெஷினாகப் பிடித்தாள். நாங்கள் வாங்கிய அதே மாதிரியில் பதினொன்றுக்கு மேல் தாங்கவில்லை. சிலதில் எட்டு. நான் பொம்மை என்று சொன்ன அந்தப் பச்சை நிறப் பேட்டரி மெஷினில் கம்பி தடிமனாக, மெத்தென்று இருந்தது. விரலை மடக்காமல் உள்ளங்கையால் அழுத்தினாலே போதும். நாற்பது எண்ணியும் அவள் விடவில்லை. எங்கள் புல்தரையில் ஒரு வரிசைக்கு முப்பது போதும். வரிசை முடிந்ததும் விட்டுவிட்டுக் கையைத் தேய்த்துக்கொள்ளலாம், மறுபடி ஒரு பொத்தானைத் தட்டினால் ஓடும். அதுவும் பின்சக்கரம் ஓட்டுவதுதானா என்று மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

சிவப்பைக் கொடுத்துவிட்டு அதை வாங்கி வந்தோம். அன்றைக்கே அண்ணி ஒரு முழு வரிசை ஓட்டினாள். நின்றாள். அடுத்தது ஓட்டினாள். முன்பக்கம் முழுவதும் முடிக்க இரண்டு நாள் ஆனது. ஆகட்டுமே, புல் எங்கே ஓடிப்போகிறது.

"அவன்கிட்ட இதெல்லாம் சொல்லாத, என்ன?" என்றாள்.

சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பேட்டரியைக் கழற்றிச் சார்ஜரில் மாட்டினேன்.

மூன்று மாதம் முடிந்த சனிக்கிழமை காலை என் மருமகன் வந்து இறங்கினான். பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் புல்தரையைச் சுற்றி நடந்தான். ஓரங்களில் குனிந்து பார்த்தான். வாயைத் திறக்கச் சொல்லி மூலையில் சொத்தை தேடுகிறவன் மாதிரியே பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை.

"ஜெயிச்சுட்டம்மா" என்றான். உண்மையாகவே சந்தோஷப்பட்டான், அதைச் சொல்லியாக வேண்டும்.

அண்ணியின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. உள்ளே வந்து மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். மெஷின் நிற்கும் ஷெட்டை ஜன்னல் வழியாகப் பார்த்தவன், "நீ அனுப்புன ஃபோட்டோல மெஷின் சிவப்பா இருந்துச்சே?" என்றான்.

"அது ரொம்ப சத்தம் போட்டுச்சு. மாத்திட்டோம்."

அவ்வளவுதான். நான் சும்மா இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். வீடு அவளுடையது, புல் வெட்ட வழி இருக்கிறது, மகன் சிரித்துக்கொண்டிருக்கிறான். ஆனால் ஜெயித்தவள் இரண்டு கைகளையும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அவன் எழுந்து போனால்தான் அவள் கோப்பையைத் தூக்குவாள் என்று எனக்குப் புரிந்தது. இந்த வீட்டில் இருக்கும்வரை அந்தக் கை அடியிலேயேதான் இருக்க வேண்டுமா?

"சத்தம் இல்ல தம்பி. உங்கம்மாவால கம்பியப் பிடிக்க முடியல. கை வீங்கிக் கிடக்கு. எலாஸ்டிக் வச்சுக் கட்டிட்டு ஓட்டியிருக்கா. வழுக்கி விழுந்தா. நான் மட்டும் அன்னைக்கு வராம இருந்திருந்தா..." என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணி என்னைப் பார்த்தாள். "உன்ன நம்பினேன்" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "இதுக்குத்தாம்மா நான் அன்னைக்கே..."

"முடிக்காத" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நீ அந்த வார்த்தையச் சொன்னா இனிமே உங்கம்மா உன்கிட்ட எதையும் சொல்ல மாட்டா. கைய மறைச்சவ நாளைக்கு நெஞ்சு வலியையும் மறைப்பா. வலிக்குதுன்னு சொன்ன உடனே பிடுங்கிடுவன்னு தெரிஞ்சா உன் கிளினிக்குக்கு யாராவது வருவாங்களா? நானும் அன்னைக்கு நீ நினைக்கிறதத்தான் நினைச்சேன். வெக்கமா இருக்கு."

அவன் நாற்காலியை இழுத்து அம்மாவின் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். தன் கையை மேஜைமேல் மல்லாத்தி வைத்தான்.

"வீட்டப் பத்தி நீயா எடுக்காம இனிமே நான் எடுக்க மாட்டேம்மா. கை வலிச்சாலும் சரி, எது வலிச்சாலும் சரி. கையக் காட்டு."

அவள் உடனே காட்டவில்லை. என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அப்புறம் ஒரு கையை எடுத்து அவன் கையின்மேல் வைத்தாள். அவன் அழுத்திப் பார்க்கவில்லை, திருப்பிப் பார்க்கவில்லை. சும்மா வைத்துக்கொண்டிருந்தான்.

"எப்போலேருந்தும்மா?"

"உங்கப்பா படுத்திருந்தப்பவே."

நான் நிமிர்ந்தேன். அண்ணன் எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். நான் வாராவாரம் வந்து போனேன். அவரைப் புரட்டிப் படுக்கவைத்ததும் தூக்கி உட்காரவைத்ததும் அவள்தான்.

"அவரத் தூக்குறப்போ கையில உயிர் போயிடும். வலிக்குதுன்னு தெரிஞ்சா ஆஸ்பத்திரியிலேயே விட்டுடுன்னு சொல்லுவாரு. அவருக்கு இங்க இருக்கணும். அதான் சொல்லல." கொஞ்சம் நிறுத்தினாள். "சொல்லாமயே பழகிடுச்சு."

அவன் அழுதான். நானும் அழுதேன். அவள் அழவில்லை. இன்னொரு கையையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். எந்த விரல் காலையில் மடங்காது, எது ராத்திரியில் குத்தும், எதில் உணர்வே இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. நாங்கள் இருவரும் குறுக்கே பேசவில்லை.